பத்துப் பங்கு

சுவர் என்னுடையதில்லை.
பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது.
எனக்குச் சொந்தம்
சங்கத்தின் பத்துப் பங்குகள்,
பங்கொன்று நூறு ரூபாய், பழுப்புக் காகிதம்.
அதை நம்பித்தான்
ராயபுரத்தில், கல்மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி,
இரண்டாம் மாடியில்
நானூற்றுப் பன்னிரண்டு சதுர அடிக்கு
ஒரு கதவு என் சாவிக்குத் திறக்கிறது.

நேர்காணல் சங்க அலுவலகத்தில்.
அலுவலகம் என்பது மோட்டார் ரூம்.
'தனியாவா இருக்கப் போறீங்க?'
என்றார் செயலாளர் தயாளமூர்த்தி.
'ஆமாம்.'
'கெஸ்ட்டு?'
'வருவாங்க.'
அதை மட்டும் எழுதிக்கொண்டார்.
தொட்டி நிறைந்து மோட்டார் நின்றது.
அந்த அமைதியில்தான்
நான் உறுப்பினர் ஆனேன்.

ஹார்பரில் கிளியரிங் வேலை, பத்தொன்பது வருஷம்.
யார் யாருடைய பெட்டிகளையோ விடுவித்து அனுப்பிய கை
முதல்முறையாக
தன் பெயருக்கு ஒரு ரசீது வாங்கியது.
யாருக்கும் கேட்காமல் இருமத்தான்
இந்த வீட்டை வாங்கினேன்.
மேன்ஷன், ஹாஸ்டல், அண்ணன் வீட்டு ஹால்,
எல்லா இடத்திலும்
என் இருமலுக்கு யாரோ மருந்து சொன்னார்கள்.

பரணை இடித்தோம். சிங்க்கை மாற்றினோம்.
பச்சைப் புள்ளி மொசைக்கை மட்டும்
உடைக்க மனம் வரவில்லை.
பாலிஷ்காரர் மூன்று நாள் அரைத்தார்;
வீடெல்லாம் மோர் கொட்டியது போல் ஒரு சேறு,
படியிறங்கி
எட்டாம் நம்பர் வாசல்வரை போய்
சண்டையோடு திரும்பி வந்தது.

சமையலறைச் சுவரைத் தட்டிக்கொண்டே வந்த
கொத்தனார் ஏகாம்பரம் நின்றார்.
'உள்ள காலியா கீது மேடம்.'
முதல் அடிக்குப் பூச்சு.
அடுத்ததற்கு ஒரு பிளைவுட் பலகை.
மூன்றாவதற்கு
மாதா படம் போட்ட காலண்டர் ஒன்று
முதுகைக் காட்டி ஆடியது.
அதை விலக்கிக்கொண்டு
ஒரு முகம்.

பன்னிரண்டாம் நம்பர் பிலோமினா.
ஸ்டான்லியில் நைட் ட்யூட்டி முடிந்து
அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள்.
'போன் எங்களுக்கா?' என்றாள்.

அப்புறம்தான் முழுதாக விழித்தாள்.

அவள் பாவாடை கட்டிய காலத்தில்
மாடிக்கே ஒரே போன்,
என் வீட்டில்.
அதாவது, என் பங்கில்.
ராத்திரி ட்ரங்க் கால் வந்தால்
யார் கதவையும் தட்ட வேண்டாமென்று
ரிசீவர் நுழையும் அகலம்,
சுருள் ஒயர் எட்டும் உயரம்.
'அக்காவுக்குப் பையன் பொறந்தது இது வழியா வந்துச்சு.
அப்பா கப்பல்ல போனதும் இது வழியாத்தான்.'
சொல்லிவிட்டு
தூசிக்குத் தும்மினாள்.
'எப்ப அடைச்சீங்க?'
'எங்க வீட்டுக்கும் போன் வந்த அன்னிக்கி.'

ஏகாம்பரம் கரண்டியோடு நின்றார்.
குழைத்த சிமெண்ட் இறுகிக்கொண்டிருந்தது.
'அடைச்சிடவா?'
ஓட்டையின் இந்தப் பக்கம் ஒருத்தி,
அந்தப் பக்கம் ஒருத்தி.
அடுத்தவள் சொல்லட்டும் என்று
இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.

இடித்த பரணின் தேக்கில்
சின்னதாய் ஒரு கதவு போட்டோம்.
தாழ்ப்பாள் இரண்டு,
அவள் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று.
பொதுச் சுவரில் கை வைப்பது விதிமீறல்.
தயாளமூர்த்தி வந்தார், குனிந்து பார்த்தார்,
கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்,
'வென்டிலேட்டர், பழையது' என்று எழுதினார்.
அந்தப் போனில் அவருக்கு என்ன வந்ததோ,
நான் கேட்கவில்லை.

காலை ஏழரைக்கு
அவள் தாழ்ப்பாள் விலகும் சத்தம் சில நாள் கேட்கும்;
நான் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பேன்.
இரவு நான் என்னுடையதை விலக்கினால்
அவள் ட்யூட்டிக்குப் போயிருப்பாள்.
இரண்டும் சேர்ந்து திறந்தது
இதுவரை ஒரே ஒரு தடவை,
மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை.
கொஞ்சம் உப்பு இருக்குமா என்று கேட்டேன்.

என் வீட்டில் உப்பு இருந்தது.