பதினொரு தரம்

வெயில் நேரே விழக்கூடாது என்று போத்தலில் எழுதியிருக்கிறது.
ஏஜாக்ஸில் ஒக்ரோபர் கடைசி,
அந்தக் கவலையை வானம் பார்த்துக்கொண்டது.
பத்துப் பாகைக்குக் கீழே போகவும் கூடாதாம்.
இப்போது பதினொன்று.
கையை விரைவாக்க வேண்டும்.

ஒரு தகடு முடித்துத்தான் அடுத்த தகடு.
இரண்டு விசிறல், கூடினால் மூன்று.
நீலத் துவாயால் பரப்பி
பச்சைத் துவாயால் துடைத்தெடுக்க
கதவில் என் முகம் வருகிறது,
பக்கத்து வீட்டுக் குப்பைப் பெட்டியும் வருகிறது
என்னைவிடத் தெளிவாக.

ஏழு வருசக் காருக்கு
நேற்றுப் பிறந்த தோல்.
செராமிக் என்கிறார்கள். பீங்கான்.
கழுவிக் கவிழ்த்த கோப்பையின் மினுக்கம்.
மூன்று மாதம் நிற்குமாம்.
மூன்று மணிவரை நின்றால்
எனக்குப் போதும்.

மயூரதன் காரைச் சுற்றி வரவில்லை.
கதவைத் திறந்தார், குனிந்தார்,
ஸ்டியரிங்குக்குக் கீழே விரலளவுக் கருவியொன்றைச் செருகி
போனைப் பார்த்தபடி நின்றார்,
இரத்தப் பரிசோதனைத் தாளை வாசிக்கிற டொக்டரைப்போல.
"எண்பத்தெட்டு."
பிறகு,
"நூறு வரைக்கும் எத்தினை தரம் ஏத்தினீங்கள்?"

எண்பதில் நிப்பாட்டிவிடுவேன் என்றேன்.
அது பொய்யில்லை.
வயிறு நிரம்ப முன்னமே கைகழுவி எழும்புகிற
ஏழு வருசச் சாப்பாடு.
"ஒரு சில தரம் ஏத்தியிருப்பன்."

பதினொரு தரம்.

கிங்ஸ்டனுக்கு, மகளின் மெத்தையோடு.
திரும்புகையில் பின்சீற் காலி.
மொன்றியலுக்கு மூன்று முறை,
மூன்றாவது செத்தவீட்டுக்கு.
மைனஸ் இருபத்திநாலில் ஹீற்றரை நிப்பாட்டி
கோட்டோடும் கையுறையோடும்
லொறிகளுக்குப் பின்னால் வலது ஓரமாய்,
ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று,
பிணத்தை எடுக்கமுன் போய்ச் சேருவேனா என்று
பற்றரியிடம் கேட்டுக்கொண்டு.
சட்பரிக்கு ஒரு தரம், கிடைக்காத வேலைக்கு.
நயாகராவுக்கு இரண்டு, வந்த விருந்தாளிகளுக்காக,
அருவியை நான் காருக்குள் இருந்தே பார்த்தேன்.
மூன்று தரம் எங்கே என்று நினைவில்லை.
ஒரு தரம் சோபாவில் நித்திரையாகிப்போனேன்;
விடியும்வரை நிரம்பி நின்றது,
அன்றும் மறுநாளும் எங்கும் போகாமல்.
அதுதான் கேடாம் அதற்கு.
ஓடியதைவிட
நிரம்பியபடி சும்மா நின்றது.

குறைந்த பன்னிரண்டை
கருவி இப்படியெல்லாம் பிரித்துக் காட்டவில்லை.
"ஏன் விக்கிறீங்கள்?" என்றார்.
இரவில் எதிரே வருகிற வெளிச்சமெல்லாம்
என் கண்ணுக்குப் பூவாய் விரிகிறது என்று சொல்லாமல்
"பஸ் பக்கத்தில நிக்குது" என்றேன்.
ஐந்நூறு டொலர் குறைத்தேன்.

அவரது மகள், நாலு வயதிருக்கும்,
பொனற்றில் ஐந்து விரலையும் பதித்தாள்.
மெழுகு இன்னும் இறுகவில்லை.
"தொடாதை!" என்று அவர் பதறினார்,
காரின் மேற்பரப்பை முதல்முறை கண்டவர்போல.
பச்சைத் துவாய் என் தோளில்தான் கிடந்தது.
எடுக்கவில்லை.

கையெழுத்து வைக்கையில் தூறல் பிடித்தது.
கூரையில் விழுந்ததெல்லாம் உடனே மணியாகி
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உருண்டது.
விரல் பதிந்த இடத்தில் மட்டும்
தண்ணீர் தட்டையாகப் படுத்தது.

இலக்கத் தகடு எனக்கு.
ஒன்ராறியோவில் அது ஆளோடு போவது, காரோடு அல்ல.
நாலு ஆணியும் கழற்றி முடிய
அவருடையதைப் பூட்டி ஓடிப்போனார்கள்,
சத்தமே இல்லாமல்,
இந்தக் கார்கள் அப்படித்தான்
போவதைச் சொல்லிக்கொள்வதில்லை.

வாசலில் கார் நின்ற நீள்சதுரம் காய்ந்து கிடந்தது.
கொங்கிரீற்றுக்கு யாரும் ஒன்றும் பூசவில்லை.
விழுந்த துளியையெல்லாம் அது குடித்தது,
ஓரத்திலிருந்து உள்ளே கறுத்துக்கொண்டு.
தகட்டைக் கையில் பிடித்தபடி
நடுவில் கடைசியாய்க் காய்ந்திருந்த இடத்தில்
கொஞ்ச நேரம் நின்றேன்.