நானூறு ஹெர்ட்ஸ்

குலசேகரத்தில் டென்னிசனின் ரப்பர் கடை.
புகையிட்ட ஷீட்டின் வாசம்
என் லேப்டாப் பைக்குள்ளும் ஏறிவிட்டது.
மாடியில் ஆறு இன்டர்நெட் போன்கள்,
பேச்சைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி
கண்ணாடி இழையில் அனுப்புகிறவை.
கோட்டயத்து விலை காலையில் அதில்தான் வரும்.

போன மாதம் ஓர் அயனி மரம் சாய்ந்தது.
இழை அறுந்து ஒன்றரை நாள்.
கிலோவுக்கு எட்டு ரூபாய் இறங்கியது
இவருக்கு மட்டும் தெரியவில்லை.

"அந்தப் பழைய லைன் சும்மா வாடக தின்னுட்டு கெடக்குல்லா,
அதையும் இதுகூட சேத்துக் கட்டணுமாக்கும்."

சுவரில் வெள்ளைப் பெட்டியைத் திறந்தேன்.
பல்லி முட்டை, எறும்பு, இரண்டு செம்புக் கம்பி.
கரண்ட் போயிருந்த நேரம்.
அதில் மட்டும் நாற்பத்தெட்டு வோல்ட்,
எக்சேஞ்சிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு வருகிறது.
விரலால் பிடித்திருந்தபோது யாரோ கூப்பிட்டார்கள்.
மணி கேட்கவில்லை,
முழங்கை வரை அடித்தது.

கேட்வே பெட்டியில் இரண்டு துளை, பார்க்க ஒரே மாதிரி.
ஒன்று போனுக்கு, ஒன்று லைனுக்கு.
மாற்றிச் செருகப் போனேன்.
கணக்கு எழுதும் விஜிலா கையைத் தட்டிவிட்டாள்.

சோதனைக்கு இழையைப் பிடுங்கினோம்.
பச்சை விளக்கு சிவப்பானது.
அவள் திற்பரப்புத் தரகரைக் கூப்பிட்டாள்.
செம்பின் வழியே போனது,
மழைத்தண்ணீர் இறங்கிய ஜாயின்ட்டின் கரகரப்போடு.
"யாரு? கேக்கல்ல, சத்தமா சொல்லு!"
டென்னிசன் சிரித்தார்.

சிக்கல் அதற்குப் பிறகு.
தரகர் வைத்துவிட்டார், பெட்டிக்குத் தெரியவில்லை.
பதினோரு நிமிடம்
ஆளில்லாத லைனைக் காதோடு பிடித்தபடி இருந்தது,
வேறு யாரையும் உள்ளே விடாமல்.
அந்தப் பக்கம் போய்விட்டதற்கு
எக்சேஞ்ச் போடும் அந்த டூ... டூ... மட்டும்தான் அடையாளம்.
அதைப் படிப்பித்தேன்:
நானூறு ஹெர்ட்ஸ்,
முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி மௌனம்.
மூன்று முறை கேட்டால் விட்டுவிடு.

"மூணு போதுமா சாரே?
பேச்சிப்பாறைக்காரருவ விலையச் சொன்னா
நெறய நேரம் பேசாம நிப்பாவ."
அது வேறு மௌனம், பெட்டி அதைக் குழப்பிக்கொள்ளாது
என்று விளக்கினேன்.
பிறகு நான்கு என்று மாற்றினேன்.

திருவட்டார் தாண்டவில்லை, மழை பிடித்தது.
செல்லில் 04651 என்று தொடங்கும் நம்பர்.
கரகரப்புக்குள் விஜிலா.
"நெட்டு போச்சு. லைன் எடுக்குதான்னு பாக்க விளிச்சேன்."
எடுக்குது, என்றேன்.
"அப்ப நீங்க மொதல்ல வைங்க சாரே,
அது விடுதான்னு பாக்கேன்."