நுரைக்காத மண்

கோத்தகிரியில் மண் எல்லாம் புளிப்பு.
பதினேழு வருடமாக அதைத்தான் எழுதித் தருகிறேன்:
நாலு புள்ளி ஆறு, நாலு புள்ளி மூன்று,
சோலூர்மட்டத்துச் சரிவு ஒன்றில் மூன்று புள்ளி ஒன்பது.
தேயிலைக்கு அது பிடிக்கும்.
அளவு மீறினால் மட்டும்
கவாத்து முடிந்த கையோடு டாலமைட் போடச் சொல்லி
சீட்டின் அடியில் முத்திரை குத்துவேன்.

தங்கை சுபாஜினிக்கு மண்டபத்தில் வேலை.
அம்மா கப்பலிறங்கி
முகாமில் பதிவெண் வாங்கிய அதே மண்டபம்.
இவள் அங்கே கடல்நீர்த் தொட்டிகளுக்குக் காவல்.

"எட்டு புள்ளி ஒன்று இன்னிக்குக் கடல்.
ஏழு புள்ளி ஏழு இனி வரப்போற கடல்.
அந்தப் புளிப்புல குஞ்சுப் பவளம் எழும்ப மாட்டேங்குது அக்கா."

ஏழு புள்ளி ஏழா?
அந்த மண்ணில் என் செடி வெளிறிச் செத்துப்போகும்.
அது புளிப்பில்லடி, காரம் என்றேன்.
எங்கே நிக்குதுன்னு பார்க்காதே,
எந்தப் பக்கம் இறங்குதுன்னு பாரு என்றாள்.
யார் முதலில் போனை வைத்தோம் என்பது
இன்னும் தீராத வழக்கு.

போன வாரம் கூரியரில் ஒரு மாத்திரை டப்பா.
பஞ்சுக்குள் இரண்டு வெள்ளைப் பொட்டு,
உளுத்தம்பருப்பில் பாதிகூட இல்லை.
மூடியில் அவள் கையெழுத்து:
இடது, இன்று. வலது, நாளை.

லென்ஸை இறக்கினேன்.
இன்று: வட்டமாக ஒரு தளம்,
அதன் மேல் ஆறு சுவர்,
நடுவே ஓர் உயிர் உட்கார்ந்து எழுந்துபோன பள்ளம்.
நாளை:
மூன்றாவது சுவர் பாதியில் நிற்கிறது.
நாலாவது தொடங்கவேயில்லை.
தளமெங்கும் ஊசிக்குத்து ஓட்டைகள்.
சுவருக்கென்று வைத்திருந்த தெம்பையெல்லாம்
உள்ளே வரும் புளிப்பை வெளியே தள்ளவே
செலவழித்திருக்கிறது குஞ்சு.
மருத்துவச் செலவில் நின்றுபோன வீடுகளை
எங்கள் லயத்துக்குப் பின்னால்
நிறையப் பார்த்திருக்கிறேன்.

கெங்கரை போஜன் மண்ணோடு வந்தார்,
ஜவுளிக்கடைப் பையில்.
அவரும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
"ஏக்கருக்கு எத்தனை மூட்டை போடணும்?"
கடலுக்கா?
"ஆமா, கடலுக்கு."
சிரிக்கலாம் என்று நிமிர்ந்தேன்; அவர் சிரிக்கவில்லை.
சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தேன்.
சுழியங்கள் ஓரம் வரை போய்
மேசையில் இறங்கின.

நாலரைக்கு மஞ்சு ஜன்னலை மூடிவிட்டது.
கடைசிச் சோதனை ஒன்று உண்டு எங்களுக்கு:
மண்ணில் ஒரு சொட்டு அமிலம்,
நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு.
இந்த மலையில் எனக்கு ஒருமுறைகூட நுரைத்ததில்லை.
பார்க்காமலே "இல்லை" எழுதப் பழகிய கை.

அந்தக் கைதான்.
வேறு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

நாளையின் மேல் ஒரு சொட்டு.

சொர்ர் என்று,
காதைக் கொண்டுபோனால் மட்டும் கேட்கிற அளவுக்கு.
நான் ஆறேழு மூச்சு விடுவதற்குள்
சுவரில்லை, தளமில்லை,
கண்ணாடியில் ஒரு ஈரம்.
குமிழியாகக் கிளம்பியது கரியமில வாயு;
கீழே ஃபாக்டரிப் புகைபோக்கி
இலை காயவைக்க விறகெரித்து
விடிய விடிய அனுப்புகிற அதே சரக்கு.
கட்டியபோது உள்ளே பூட்டி வைத்ததை
கரைந்தபோது திருப்பிக் கொடுத்துவிட்டது.

பதிவேட்டில் சுண்ணாம்புக் கட்டத்தில்
முதல்முறையாக "உண்டு" என்று எழுதினேன்.
ஊர் என்ற கட்டம் காலி.

எட்டு மணிக்கு அவள் செய்தி:
பார்த்தியா? பத்திரம், திருப்பித் தரணும்.

இன்று பத்திரமா இருக்கு என்று அனுப்பினேன்.
மற்றதைப் பற்றி அவள் கேட்கவில்லை,
கேட்பாள்.

மேசையில் போஜனின் மண்,
பை திறந்தபடி.
இன்னும் காயவில்லை.