சுமார்

நெஞ்சில் கட்டும் பட்டி நாற்பத்தொன்பது யூரோ.
வேண்டாம் என்றேன்.
டொக்டர் ஹேபர்லே கண்ணாடிக்கு மேலால் பார்த்து,
அப்படியென்றால் கணக்குப் பாருங்கள் என்றார்.
நாளுக்கு இருநூற்றைம்பது கலோரி
நடந்தோ ஏறியோ எரிக்கவேண்டும்.
எரித்ததை எழுதவேண்டும்.

கட்டம் போட்ட கொப்பி ஒன்று வாங்கினேன்.
முதல் பக்கத்தில்
சும்மா கிடக்கும் உடம்பு எரிக்கிற கணக்கு:
கிலோவைப் பத்தால் பெருக்கு,
உயரத்தை ஆறேகாலால்,
இரண்டையும் கூட்டு,
வயதை ஐந்தால் பெருக்கிக் கழி,
ஆணென்றால் கடைசியில் ஐந்து போடு.
நிறை எழுபத்தெட்டு.
உயரம் நூற்றறுபத்தெட்டு.
வயது என்ற இடத்தில்
பேனை நின்றுவிட்டது.

கடதாசியில் எனக்கு ஐம்பத்தொன்று,
பிறந்தது ஜனவரி முதலாம் திகதி.
பிராங்க்பேட்டில் கழிவறை வாசலில் வைத்து
ஏஜென்சிக்காரன் மூன்று வருசத்தை வெட்டினான்.
பதினேழு என்று சொல்லு,
பிள்ளைகளைத் திருப்பி அனுப்பமாட்டாங்கள்.
அம்மா பெற்ற கணக்கில் ஐம்பத்து நாலு,
ஆனி மாதம், ஒரு செவ்வாய்.

இரண்டு பேருக்கும் போட்டுப் பார்த்தேன்.
கடதாசிக்காரன் ஆயிரத்து ஐந்நூற்று எண்பது எரிக்கிறான்,
நான் ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்தைந்து.
பதினைந்து கூட, அந்த இளந்தாரிக்கு.
பதினைந்து என்றால் எவ்வளவு?
ஒரு தேக்கரண்டி சீனி.

முப்பத்து நாலு வருசம்
பொலிஸ்காரன் பக்கத்தில் வந்து நின்றால்
வியர்த்தது
ஒரு தேக்கரண்டி சீனிக்கு.

ஸ்டுட்கார்ட் சட்டிக்குள் கிடக்கிற ஊர்.
அடியில் ஆஸ்பத்திரிக் குசினியில் சட்டி கழுவி
விளிம்பில் குடியிருக்கிறேன்.
நடுவில் இருநூறு படி.
ஒரு படி பதினேழு சென்ரிமீற்றர்,
மகளின் அடிமட்டத்தால் அளந்தேன்,
நாயோடு வந்த கிழவர் ஒதுங்கி வழிவிட்டார்.
ஆக முப்பத்து நாலு மீற்றர்.
என் எழுபத்தெட்டு கிலோவை அவ்வளவு தூக்க
ஆறு கலோரி போதும்.
ஆனால் உடம்பு மோசமான இயந்திரம்,
ஐந்தில் ஒரு பங்குதான் ஏறும்.
மற்ற இருபத்தைந்தும் சூடாகி
ஜக்கெற்றுக்குள் நின்று
கழுத்தால் ஆவியாகப் போகிறது.

பிழைத்தாலும் பிழைக்கும்.
அதனால் இன்னொரு சோதனை வைத்திருக்கிறேன்.
பாட முடிந்தால் அது உடற்பயிற்சியில்லை.
கதைக்க முடிந்தால் பரவாயில்லை.
ஒற்றைச் சொல் மட்டும் வந்தால்
எரிகிறது என்று அர்த்தம்.

வேலை முடிந்து படியில் கால் வைக்க
ஜெயசோதி போன் எடுப்பாள்.
முந்தநாள் பேச்சு சோபா பற்றி.
முப்பதாம் படியில் நான் சொன்னது:
உள்ள சோபாவுக்கு என்ன குறை,
ரகுநாதன் வந்து படுத்தால் முதுகு நோகுது என்றால்
அது அவன்ரை முதுகின் குறை.
எண்பதில்: விலையைப் பார்த்தனியோ.
நூற்றிருபதில்: எத்தனை மாதத் தவணை.
நூற்றைம்பதில்: ஓம்.
நூற்றெழுபதில்: ஓம்.
பச்சை நிறமோ என்று கேட்டாள்.
ஓம்.

மேலே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது
கீழே ஊர் முழுக்க விளக்கு,
காதுக்குள் அவள் ஓடர் எண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொப்பியில் எழுதினேன்:
இரவு பத்து மணி இருபது. படி. சுமார் முப்பத்தொன்று.
'சுமார்' என்பதற்குக் கீழே கோடு.

பிறகு தேத்தண்ணி.
ஆறு மாதமாக வெறும் தேத்தண்ணி.
அன்றைக்கு ஒரு கரண்டி சீனி போட்டேன்.
ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள் என்றாள்.
எனக்கில்லை, என்றேன்,
கடதாசியில் இருக்கிறவனுக்கு.
அவனுக்கும் டொக்டர் அவதானோ, என்றாள்.

வியாழக்கிழமை சோபா வருகிறது.
லொறி கீழ்ச் சந்தியோடு நிற்குமாம்,
படிக்கட்டுக்கு அவர்கள் பொறுப்பில்லையாம்.
ரகுநாதனுக்குச் சொல்லியாயிற்று,
அவன் முன்பக்கம், நான் பின்பக்கம்.
அதற்குச் சூத்திரம் எங்கும் கிடைக்கவில்லை.
ஒரு முழுப் பக்கம்
வெறுமையாக விட்டிருக்கிறேன்.