கடைசி எழுத்து

மல்லாவிச் சங்கக் கடையின் பழைய சீடி.
திறந்தால் தமிழ் இல்லை.
கே, எச், அரைப்புள்ளி,
உருவந்து ஆடுகிற ஆங்கிலம்.

‘உது என்ன பாசை?’
தலைவர் பூலோகசிங்கம் கேட்டார்.

பாமினி, அண்ணை.
எம் அடித்தால் அ.
கேயும் அரைப்புள்ளியும் ம்.
கே, எச்: மா.
ஐந்து விசையில் அம்மா.
அடியில் கிடப்பது
நூற்றொன்பது, நூற்றேழு, ஐம்பத்தொன்பது
என்று வெறும் எண்தான்.
எதற்கு எந்த முகம் என்பதை
வேறெங்கோ ஓர் அட்டவணை வைத்திருக்கிறது.
அது இல்லாத கணினியில்
ஆரும் ஆருமில்லை.

மாற்றியில் போட்டேன்.
தவபாக்கியம் வந்தா.
குலநாயகி, பிள்ளைகள் நாலு.
துணுக்காய் றோட்டு இரத்தினம்.
அரிசி, மா, பருப்பு, இரண்டாயிரத்து ஏழு ஆவணி.

மாற்றிக்கு ஆங்கிலம் பிடிபடாது.
அடையாள அட்டை இலக்கத்தின் வாலில் நின்ற
பெரிய வியையும்
தமிழென்று நம்பி
ஏ ஆக்கிவிட்டது.

நானூற்றுப் பன்னிரண்டு இலக்கம்.
ஒவ்வொன்றின் முடிவிலும் ஏ,
படலைக்கு வெளியே நின்று
யாரோ கூப்பிடுகிற மாதிரி.

எல்லாவற்றையும் ஒரேயடியாய் மாற்ற
ஒரு சொடுக்குப் போதும்.
தெரியும்.
தலைவர் வைத்த தேத்தண்ணி ஆற ஆற
ஒவ்வொன்றாய்த் திருத்தினேன்.
பெயரை வாய்விட்டுச் சொல்லி,
கொஞ்சம் பொறுத்து,
பிறகு வி.

இருட்டுப்படும் நேரம்
றோட்டுக்கு அங்கால்
டயர் ஒட்டிக்கொண்டிருந்த இரத்தினம் மட்டும்
நிமிர்ந்து பார்த்தார்:
‘ஓம். என்ன?’