பீச்சாங்கைக் கண்

பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால்
எங்கள் வாடகை அறை.
செங்கோட்டை பாசஞ்சர் போகும்போதெல்லாம்
பிரெட்போர்டில் ஒரு வயர் தளர்ந்துவிடும்.
எது என்று சொல்லாது.

எல்.டி.ஆரை
நெத்திலிக் கண் என்பாள் எப்சிபா.
அதன் முகத்தில் நெளிந்து கிடக்கும் கோடு
வெளிச்சம் பட்டால் கரண்டுக்கு வழிவிடும்,
இருட்டில் மறிக்கும்.
கூடவே ஒரு பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர்.
இரண்டுக்கும் நடுவிலிருந்து
ஒரு வயரை இழுத்துக்
கம்பேரட்டருக்குக் கொடுக்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
அந்த அவ்வளவுதானுக்கு நான்கு இரவு.

முதல் ஓட்டத்தில் வண்டி
கோட்டைக் கண்டதும் விலகி ஓடியது.
கறுப்பு டேப்பைத் தீண்ட மாட்டேன் என்று
கட்டிலுக்கடியில் போய்ச்
சுவரை முட்டிக்கொண்டு நின்றது.
"ஏட்டி மாசானம்,
பீச்சாங்கைக் கண்ணுக்குச்
சோத்தாங்கைச் சக்கரத்தக் குடுத்திருக்கியே!"
ஆமாம்.
கவிழ்த்துப் போட்டு வயர் கொடுத்தேன்,
நிமிர்த்தியபோது திசை மாறிவிட்டது.
எனக்கு இன்றைக்கும்
சோறு பிசைகிற கையை ஒருமுறை அசைத்துப் பார்த்துத்தான்
வலது எது என்று தெரியும்.

மாற்றிக் கொடுத்ததும் ஓடியது.
வெள்ளை சார்ட் தாளில்
ஜங்ஷனில் பஸ் திரும்புகிற மாதிரி
நான் ஒட்டிய வளைவு வரைக்கும்
பிசகாமல் ஓடியது.
அப்புறம் கோட்டை விட்டுவிட்டு
நேரே என்னிடம் வந்தது.

தூக்கி வைத்தேன். மறுபடி வந்தது.
எப்சிபா பக்கம் போகவே இல்லை.
பிரிசெட்டைக் கால் சுற்று திருகினேன்,
பாட்டரியை மாற்றினேன்,
"உம்மேல அதுக்கு என்னட்டி பாசம்?"
கொட்டாவியோடு கேட்டாள்.
இரண்டு மணிக்கு அவளே கண்டுபிடித்தாள்:
டியூப்லைட் என் முதுகுக்குப் பின்னால்.
குனிந்து குனிந்து பார்க்கிற என் நிழல்
தாளில் விழுந்து கிடக்கிறது.
கறுப்பு என்று அது படித்தது
என்னை.

காலையில் சவரியின் பஞ்சர் கடையில்
கிழிந்த டியூப் ஒரு சாண் கேட்டேன்.
"எந்த சைக்கிளுக்கு?"
"கண்ணுக்கு, அண்ணாச்சி."
காசு வாங்கவில்லை. சிரிக்கவும் இல்லை.
கத்தரித்து, சுருட்டி, நூலால் கட்டி
இரண்டு கண்ணுக்கும் ரப்பர்ப் பாவாடை.
தாளைத் தொட்டும் தொடாமலும் நீளம்,
உள்ளே கண்ணுக்கொரு வெள்ளை எல்.இ.டி.

சாயங்காலம் பார்த்துக் கரண்ட் போனது.
வண்டி நிற்கவில்லை.
தன் காலடியில் கசியும் வெளிச்சத்தை மட்டும் நம்பி
ஜங்ஷன் வளைவைச் சுற்றிச் சுற்றி,
இருட்டில் இரண்டு பொட்டாய்.
எப்சிபா ஓடிப்போய்
பக்கத்து அறைக்காரிகளை எழுப்பிக் கூட்டி வந்தாள்.

கரண்ட் வந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள்.
நான் குனிந்தேன்.
கோட்டின் குறுக்கே
கையைப் போட்டேன், தலையை,
அவிழ்ந்த சடையை.
என் நிழலின் மேலேறிப் போகிறது,
திரும்பாமல்.