அரை மணித்தியாலம்

வெருகல் ஆற்றுக்கு இரண்டு மனசு.
வளைவில் நின்று பார்த்தால் தெரியும்:
மேல் தண்ணி வெளிக்கரையை உரசிக்கொண்டு ஓடும்.
அடித் தண்ணி மணலைச் சுமந்து
உட்கரைக்கு ஒதுங்கும்.
இது தெரியாமல்
உட்கரையில் வாய்க்காலுக்கு வாய் வெட்டியவர்
எந்தக் கந்தோரில் இருந்தாரோ,
பதினொரு வருடம்
அவருக்காக நாங்கள் மண் அள்ளினோம்.

நஸீஹா வந்தது ஒரு பங்குனியில்.
மூதூர்ப் பிள்ளை, தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
பையில் ஆறு நெக்டோ போத்தல்.
ஆற்றில் முக்கி, மூடி,
துருசுக் கட்டில் வரிசையாய் வைத்தா.
"ஒரு மணித்தியாலம் பேசாமல் இருங்க" என்றா.
நாங்கள் பேசினோம்.
மண்தான் பேசாமல் இறங்கியது.
அடியில் பிடித்த போத்தலில் மூன்று விரற்கடை,
மேலே மொண்டதில் ஒரு நகக்கண்.

"மேல் தண்ணியை மட்டும் கேளுங்க."
அவவின் திட்டம் அவ்வளவுதான்.
வாய்க்கால் வாய் வெளிக்கரைக்கு மாறியது.
வாசலில் இடுப்பளவுக்கு ஒரு படி,
பக்கத்தில், ஆற்றின் அடிமட்டத்தில், மணற்கதவு.
அதைச் சுழற்றுகிறவன் நான்.
முதலில் மணலுக்கு அரை மணித்தியாலம்,
பிறகுதான் வயலுக்கு.

மாரியில் யாரும் கணக்குக் கேட்கவில்லை.
ஆடியில், கச்சான் சுழன்றடித்து
ஆறு நரம்பாய் மெலிந்த நாளில்
வட்டவிதானை பத்தக்குட்டி வந்தார்.
வெள்ளாண்மை குடலையில் நிற்கிறது,
கடைவாய்க்காலில் நண்டு கூடச் செத்துப் போச்சு,
"அரை மணித்தியாலத் தண்ணியைக் கடலுக்கு விடப் போறியோ?"

அவர் கேட்டது சரி.
விடாமல் அடைத்தால்
ஐப்பசியில் அவரே மண்வெட்டியோடு
இந்த வாய்க்காலுக்குள் நிற்பார்.
அதுவும் சரி.
இரண்டு சரிக்கு நடுவில்
என் கையில் கிரீஸ் பிசுக்கு.

"பத்து நிமிசம்" என்றார்.
"இருபது" என்றேன்.
மீன்சந்தை போல நின்றோம்.
பிறகு அவரே கைபேசியை எடுத்து
நேரம் வைத்தார்.

கதவு ஒரு சாண் எழும்ப
அடியிலிருந்து உறுமல்,
பழுப்பாய், பரல் உரசும் சத்தத்தோடு
மணல் போனது.
கீழே எங்கோ உழவு இயந்திரத்தோடு
ஒருவன் அதற்காகத்தான் காத்திருப்பான்.
நாங்கள் துப்புவது அவனுக்குக் காசு.

பதினெட்டாம் நிமிசத்தில் தண்ணி தெளிந்தது.
கைபேசி அடிக்கவில்லை.
கதவை இறக்கினேன்.
பத்தக்குட்டி ஒன்றும் சொல்லாமல்
சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் விடிய
ஒரு போத்தலோடு வந்து நின்றார்,
சாராய வாசம் இன்னும் போகாத போத்தல்.
"இந்தா, பிடி.
அடியிலே பிடி.
கலக்கிப் போடாதே."